பரிசீலனையார் பிரித்துப் பூட்டிய எஞ்சின்

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். குழாய் ஒழுகுகிறது, தொட்டி கசிகிறது, வாசலெல்லாம் தண்ணீர் என்று வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவருடைய வேலை. ஒழுகலை நிறுத்துவது வேறொரு பிரிவின் வேலை. அந்தப் பிரிவு எந்த மாடியில் இருக்கிறது என்றுகூட அவருக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் பதில் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்பது முதல் கடிதம். 'நேரில் பார்வையிட்டதில் கசிவு ஏதும் தென்படவில்லை, காணப்படும் ஈரம் இயல்பானது' என்பது இரண்டாவது. மூன்றாவது கடிதம் எழுதவேண்டிய நிலைமை பெரும்பாலும் வந்ததில்லை, அதற்குள் புகார் கொடுத்தவர் வீடு மாறியிருப்பார். அலுவலகத்தில் அவருக்குப் பரிசீலனையார் என்றே பெயர். பணி ஓய்வு விழாவில் மாலை போட்ட மேலதிகாரியும் வாய் தவறி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பரிசீலனையார் கோபப்படவில்லை. பட்டம் என்பது எல்லாருக்குமா கிடைக்கிறது?

ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்தால் பக்கத்தில் நின்று நூல் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தார். அடுப்படிக்குப் போனால் பாத்திரங்களை அளவுவாரியாக அடுக்கினார். "என்னங்க, உங்களுக்கு வெளியில ஏதாவது ஜோலி பாத்துக்கக் கூடாதா?" என்று அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜோலி பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் பதினோரு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தது. அவருடைய மாமனார் கால்நடை மருத்துவர். அந்தக் காலத்து நான்கு கதவுக் கார் ஒன்றில்தான் பண்ணை பண்ணையாகப் போய்வந்தார். அவர் போன பிறகு கார், மூத்த மகளுக்குப் பாதி, இளைய மகளுக்குப் பாதி என்று இரண்டு பேருக்கும் சொந்தமானது. மூத்தவள் பரிசீலனையாரின் மனைவி. இளையவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஜெனரேட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவள். மின்சாரம் நின்றால் எட்டு நொடிக்குள் ஆஸ்பத்திரி முழுக்க விளக்கு எரியவைக்க வேண்டிய பொறுப்பு. இருபது வருடமாக எரியவைத்துக்கொண்டிருந்தாள். கார் எஞ்சினோ துருவேறி இறுகிக் கிடந்தது, இருக்கையில் எலி குடும்பம் நடத்தியது. இரும்புக்கடைக்குப் போட்டுவிடலாம் என்று அக்கா சொன்னபோது தங்கை, "உன் பாதியைப் போட்டுக்கோ, என் பாதி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அப்படியே விடப்பட்ட காரைத்தான் பரிசீலனையார் பிரிக்க ஆரம்பித்தார்.

பதினான்கு மாதம் பிடித்தது. இதில் கேலிக்கு இடமில்லை, மனிதர் உண்மையாகவே உழைத்தார். பழைய கையேடு ஒன்றைத் தேடிப்பிடித்து வரிவரியாகப் படித்தார். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் மாத்திரை டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டினார். செய்யவேண்டிய வேலைகளை முந்நூற்று நாற்பது இனங்களாக நோட்டில் எழுதி, முடிக்க முடிக்க சிவப்பு மையில் டிக் அடித்தார். சிலிண்டரைக் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரர், "சார், எஞ்சினை இவ்வளவு சுத்தமாத் துடைச்சு, துணியில சுத்திக் கொண்டாந்த ஆளை நான் பாத்ததே இல்ல" என்று சொன்னார். கடைசியில் எஞ்சின் முழுவதற்கும் இலைப்பச்சை வண்ணம் அடித்து, மெழுகு போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டார்.

முதல்முறை கிளப்புகிற அன்று பழைய கார் பிரியர் சங்கத்தினர் எல்லாரும் வந்திருந்தார்கள். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவரிடம் மூன்று பழைய கார்கள் உண்டு. மூன்றும் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு நிற்கும், நகராது. நகராத கார்களால் ரிப்பேர் வருவதில்லையாதலால் எஞ்சின் விஷயத்தில் அவர் வாக்குக்குச் சங்கத்தில் எதிர்வாக்கு கிடையாது. எஞ்சின் இரண்டாவது திருகலிலேயே பிடித்துக்கொண்டு ஓடியது. கைதட்டல் ஓய்ந்ததும் பல் டாக்டர் பரிசீலனையாரின் தோளில் கை வைத்துச் சொன்னார்: "புது எஞ்சின் பிறந்த குழந்தை மாதிரி. அதிர விடாதீங்க. முப்பதுக்கு மேல போகாதீங்க. தினம் காலையில ஒரு மணி நேரம் நிக்க வச்சே ஓட விடுங்க. உள்ள எல்லாம் பதமாகும்."

பரிசீலனையாருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "என்னங்க, அடியில சொட்டுது."

எல்லாரும் குனிந்தார்கள். சிமெண்டுத் தரையில் பொத்தான் அளவுக்கு ஒரு எண்ணெய்த் துளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று.

"ஒழுகல் இல்ல அது" என்றார் பரிசீலனையார். முப்பத்தோரு வருடப் பழக்கம், யோசிக்காமலே வாயில் வந்தது. "புது எஞ்சின். லேசா வேர்க்குது. இயல்பான ஈரம்."

ஒரு வாரத்தில் பொத்தான் தட்டானது, ஒரு மாதத்தில் தட்டு பாயானது. மனைவி கேக் சுடுகிற தட்டு இரண்டு காணாமற்போய்க் காருக்கடியில் கிடைத்தன. வேர்வை இந்த வேகத்தில் போனால் மனிதனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள், ஆனால் பரிசீலனையார் அசரவில்லை. அதோடு புகை வேறு. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் சைலன்சரிலிருந்து நீலமாக ஒரு மேகம் புறப்பட்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தைக் கடந்து, எதிர்வீட்டு ஜன்னலுக்குள் மரியாதையாக நுழையும். பத்து நாளைக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்றவேண்டியிருந்தது. பெட்ரோல் பங்க் பையன்கூட, "சார், ஆயிலை ரொப்பிட்டு, பெட்ரோலைச் செக் பண்ணிடவா?" என்று கேட்டான்.

எதிர்வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கொடியில் காயப்போட்ட புடவையில் எண்ணெய்ப் புகை வாசனை ஏறியதும், எடுத்தார் பேனாவை. கோடு போட்ட தாளில், மார்ஜின் விட்டு, எண்ணிட்டு மூன்று புகார்கள். முற்றத்தில் எண்ணெய் வழிகிறது, வழுக்குகிறது. புகை வருகிறது, இருமுகிறது. இதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?

கடிதத்தைப் பார்த்ததும் பரிசீலனையாரின் முகத்தில் ஓய்வுக்குப் பிறகு காணாத ஒரு களை வந்தது. உட்கார்ந்தார், எழுதினார்: 'அம்மையீர், தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது.'

தலைமையாசிரியை அந்தப் பதிலில் இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, பத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் பரிசீலனையார் சங்கத்தைக் கூட்டினார்.

பல் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்போடு வந்தார். எஞ்சினின் நெஞ்சில் வைத்தார், முதுகில் வைத்தார். கண்ணை மூடி, தலையை ஆட்டினார். "பின்பக்க சீல்" என்றார். எஞ்சினின் நடுத்தண்டு பின்புறம் வெளியே வருகிற இடத்தில் எண்ணெயைத் தடுக்கிற வளையம் அது. மாற்றவேண்டுமென்றால் எஞ்சினையே வெளியே தூக்கவேண்டும்.

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

"சொத்தைன்னு தெரிஞ்சப்புறம் மேல பூசி மெழுகறதுல அர்த்தம் இருக்கா? வெளிய எடுத்துரணும்."

சங்கத்தினர் மெய்மறந்து தலையாட்டினார்கள். பரிசீலனையார் எஞ்சினை வெளியே எடுத்தார். பத்தொன்பது நாள். புது சீல் போட்டு உள்ளே வைத்தார். ஒழுகியது. அடித்தட்டின் இணைப்பில் கசியாமல் வைக்கிற கேஸ்கெட்டாக இருக்கும் என்றார் டாக்டர். மறுபடி எடுத்தார், கார்க் கேஸ்கெட்டை இருபுறமும் பசை தடவி, போல்ட்டுகளை முறுக்கோ முறுக்கென்று முறுக்கினார். முன்னைவிடக் கூடுதலாக ஒழுகியது. மூன்றாவது தடவை மேல்மூடி. மேல்மூடி சரியானதும் எண்ணெய் கோபித்துக்கொண்டு முன்பக்கத்தால் வந்தது. ஒரு வாசலை அடைத்தால் அடுத்த வாசல். இதற்கிடையில் புதுசாக ஒரு தொந்தரவு: ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பி, வண்டி ஓடும்போது தானாகக் குழாயைவிட்டு எழும்பி எழும்பி வந்தது. பரிசீலனையார் அதை ஒரு கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவு சின்ன விஷயம் அது.

சங்கத்தின் மாத இதழில் 'பின்பக்க சீலும் நானும்' என்ற தலைப்பில் பல் டாக்டர் மூன்று பக்கக் கட்டுரை எழுதினார். படத்தில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்போடு சிரித்துக்கொண்டு நின்றார். ஓரமாகத் தெரிந்த முழங்கை பரிசீலனையாருடையது.

இந்தக் கட்டுரைக்குக் கிடைத்த பாராட்டில் தலைகால் புரியாமல் போன டாக்டர், சங்கத்தின் வருடாந்திர மலைப்பயணத்தில் பரிசீலனையாரின் கார்தான் முன்னால் போகவேண்டும், தாமே அதில் உட்கார்ந்து வரவேண்டும் என்று முடிவு செய்தார். அவருடைய சொந்தக் கார்கள் நகராது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பதினாறு கார்கள். மலையடிவாரத்தில் பூச்செண்டு கொடுத்தார்கள், கொடியசைத்தார்கள். பரிசீலனையார் காரை முப்பதில் ஓட்டினார். மலைப்பாதையில் முதல் வளைவிலேயே பின்னால் வந்த பதினைந்து கார்களும் கண்ணாடியிலிருந்து மறைந்துவிட்டன.

"எங்க எல்லாரும்?" என்றார் டாக்டர், திரும்பிப் பார்த்து.

"வர்றாங்க டாக்டர். பனி போல."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான்காவது வளைவில், ஏற்றம் கடுமையான இடத்தில், எஞ்சினுக்குள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். கட்டுக்கம்பி அறுந்து டிப்ஸ்டிக் வெளியே பாய்ந்தது. அதன் குழாய் வழியாகக் கொப்பளித்த எண்ணெய் சூடான புகைக்குழாயில் விழ, பானெட் இடுக்குகளிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. பரிசீலனையாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பல் டாக்டருக்குக் கால் நன்றாகவே ஓடியது. வண்டி முழுதாக நிற்பதற்கு முன்னால், பூச்செண்டோடு குதித்து, எதிர்ப்புறம் இருபதடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, "எல்லாரும் இறங்குங்க!" என்று கத்தினார். எல்லாரும் என்றால் மிச்சமிருந்தது பரிசீலனையார் ஒருவர்தான்.

எதிரே இறங்கி வந்த பஸ் டிரைவர் நல்ல மனுஷர். கேள்வி கேட்கவில்லை, நெருப்பு இருக்கிறதா என்று குனிந்தும் பார்க்கவில்லை. பஸ்ஸிலிருந்த சிவப்பு வாளியை எடுத்துவந்து, பானெட்டைத் திறந்து, ஒரு வாளி மணலையும் எஞ்சின்மேல் கொட்டினார். பதினான்கு மாதம் மெழுகு தேய்த்த பச்சை எஞ்சின் மணல்மேடு ஆனது. "பயப்படாதீங்க பெரியவரே, காப்பாத்திட்டேன்" என்றார் டிரைவர். பயணிகள் கைதட்டினார்கள்.

இழுவை லாரியில் வீடு வந்து சேர்ந்தவர் அந்த வாரம் முழுக்கக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி தங்கைக்குப் போன் பண்ணினாள். "கொஞ்சம் வந்துட்டுப் போ. உங்க அத்தான் பேசமாட்டேங்கறார். எனக்கு பயமா இருக்கு."

தங்கை ஆஸ்பத்திரிச் சீருடையோடு நேரே வந்தாள். இத்தனை நாளும் அவளை யாரும் கேட்டதில்லை. ஒருமுறை அவளாகவே, "நான் பாக்கட்டுமா அத்தான்?" என்று கேட்டபோது, "ஜெனரேட்டர் வேறம்மா, கார் வேற" என்று பரிசீலனையார் கருணையோடு சொல்லி அனுப்பியிருந்தார்.

"என் பாதியை மட்டும் பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தாள்.

முதலில் மணலை வாரினாள். திறப்புகளையெல்லாம் துணியால் அடைத்துவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு எஞ்சினை மேலிருந்து கீழ்வரை கழுவினாள். பரிசீலனையார் வாசலில் நின்று பார்த்தார். மனசு கேட்கவில்லை. தானும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம். எண்ணெயும் மணலும் போனபின் பச்சை வண்ணம் ஒருமாதிரி மங்கலாகத் தெரிந்தது. அடியில் கிடந்த பழைய எண்ணெயை வடித்து, புதுசு ஊற்றினார்கள். பிறகு அவள் அக்காவிடமிருந்து முகப்பவுடர் டப்பாவை வாங்கிவந்து எஞ்சின்மேல் நாலாபக்கமும் தட்டினாள்.

"இது எதுக்கு?" என்றார் பரிசீலனையார். ஒரு வாரத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை.

"அழுக்கு மேல எண்ணெய் வழிஞ்சா எங்கேருந்து வருதுன்னு தெரியாது. வெள்ளை மேல வழிஞ்சா தடம் தெரியும். கிளப்புங்க."

பத்து நிமிடம் ஓடியது. வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. மேல்மூடி ஓரத்தில் ஒன்று. முன்பக்கத்தில் ஒன்று. பின்னால் ஒன்று. அடித்தட்டைச் சுற்றி நான்கைந்து.

"பாத்தியா? எல்லா கேஸ்கெட்டும் போச்சு" என்றார் பரிசீலனையார், அழாக்குறையாக.

"எல்லாமே உங்க கையால புதுசாப் போட்டது. ஒண்ணு ரெண்டு தப்பலாம். எல்லாம் ஒரே நேரத்துல எப்படித் தப்பும்? ஓட்டையை விடுங்க அத்தான். உள்ளேருந்து தள்ளுறது யாருன்னு பாருங்க." அவள் குனிந்தவள், அறுந்து தொங்கிய கட்டுக்கம்பியைப் பிடித்து இழுத்தாள். "இது என்ன?"

"டிப்ஸ்டிக்கைக் கட்டி வச்சிருந்தேன்."

"ஏன்?"

"எழும்பி எழும்பி வந்துச்சு."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. எட்டு நொடிக்குள் விளக்கை எரியவைக்க வேண்டியவர்கள் பார்க்கிற பார்வை அது. சட்டைப்பையிலிருந்து ஆஸ்பத்திரி ரப்பர் கையுறை ஒன்றை எடுத்தாள். எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியைக் கழற்றிவிட்டு, கையுறையை அதன்மேல் மாட்டி ரப்பர் வளையம் போட்டாள். "இப்ப கிளப்புங்க."

எஞ்சின் ஓடியது. கையுறை சோம்பல் முறித்தது. சுண்டுவிரல் எழுந்தது, பிறகு மோதிரவிரல், பிறகு ஐந்தும். சற்று நேரத்தில் ஒரு கொழுத்த வெள்ளைக் கை எஞ்சினிலிருந்து எழும்பி நின்று பரிசீலனையாரைப் பார்த்து ஆடியது. மனைவி சிரித்துவிட்டாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எஞ்சின் ஓடுனா உள்ள காத்து சேரும். அது வெளிய போக ஒரு மூச்சுக்குழாய் வச்சிருப்பாங்க" என்றாள் தங்கை. "அது அடைச்சிருந்தா, காத்து எண்ணெயையும் இழுத்துக்கிட்டு எந்த இடுக்கு கிடைச்சாலும் பிச்சுக்கிட்டு வரும். உங்க எஞ்சின் மூச்சு முட்டி நிக்குது. குழாய் எங்க?"

பரிசீலனையாருக்குக் குழாய் எங்கே என்று தெரியும். அதைக் கழற்றிக் கழுவியது, பூட்டியது எல்லாம் ஞாபகம் இருந்தது. எஞ்சினின் பக்கவாட்டில் கீழே, பச்சை நிறத்தில் இருந்தது. கையை விட்டு அதன் வாயைத் தடவினார். வாய் இல்லை. வழுவழுவென்று மூடியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பச்சை வண்ணம் உரிந்தது, அடியில் ரப்பர் தெரிந்தது.

வண்ணம் அடிக்கும்போது உள்ளே தெறிக்கக்கூடாது என்று அவரே செருகிய அடைப்பான். அதன்மேலும் சேர்த்து, இரண்டு கோட்டிங், அழகாக அடித்திருந்தார்.

உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். இருநூற்றுப் பதினொன்று, மூச்சுக்குழாய்க்கு அடைப்பான் போடுதல், டிக். இருநூற்றுப் பன்னிரண்டு, வண்ணம், டிக். இருநூற்றுப் பதிமூன்று, அடைப்பானை நீக்குதல். டிக் இல்லை. அந்த ஒரே ஒரு இனம். பதிமூன்றுக்கு எதிரே பென்சிலில், அவருடைய சொந்தக் கையெழுத்தில், 'வண்ணம் காய்ந்தபின் பரிசீலிக்கலாம்' என்று இருந்தது.

மூன்று தடவை எஞ்சினைத் தூக்கி இறக்கிய முதுகு அப்போது ஒரே சமயத்தில் வலித்தது. முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கை இடுக்கியால் அடைப்பானைப் பிடுங்கி, கையுறையை மறுபடி மாட்டி, எஞ்சினைக் கிளப்பிக் காட்டினாள். கை எழும்பவில்லை. வாடித் தொங்கியது.

"இதை யார்கிட்டயும் சொல்லவேண்டாம்" என்றார் பரிசீலனையார்.

"எனக்கென்ன அத்தான்? என் பாதில அடைப்பான் இல்ல."

புகை மட்டும் நிற்கவில்லை. ஒழுகல் துளியாகக் குறைந்தபிறகும் நீலப் புகை அப்படியே இருந்தது. அடுத்த ஞாயிறு அவள் ஒரு அளவுமானியைக் கொண்டுவந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தாள். குறைவு. ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பார்த்தாள். கூடியது. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்குகள் சிலிண்டர்ச் சுவரோடு சரியாகப் பதியவில்லை, அதனால்தான் எண்ணெய் மேலே ஏறி எரிகிறது என்றாள்.

"எப்படி ஓட்டுனீங்க?"

"முப்பதைத் தாண்டினதே இல்லம்மா. தினம் காலையில ஒரு மணி நேரம் நிக்க வச்சு ஓட்டுனேன். டாக்டர் சொன்னபடி."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "புது ரிங் சுவரோட உரசி உரசித்தான் பதியும் அத்தான். அதுக்கு எஞ்சின் கஷ்டப்படணும். நீங்க தாலாட்டி தாலாட்டிச் சுவர் கண்ணாடி மாதிரி ஆயிருக்கும், ரிங் வழுக்கிட்டுப் போகுது. நல்ல ஏத்தத்துல மிதிச்சு ஓட்டணும், அப்புறம் காலை எடுக்கணும். திரும்ப மிதிக்கணும். அப்படி நூறு கிலோமீட்டர். பாதி வாய்ப்பு இருக்கு. இல்லன்னா திரும்பப் பிரிச்சு சுவரைத் தேய்க்கணும்."

பிரிப்பது என்றதும் பரிசீலனையார் சாவியை எடுத்தார். மூன்று பேரும் ஏறினார்கள். ஏற்றத்தில் அவர் கால் ஆக்ஸிலேட்டரில் அழுந்தியது. எஞ்சின் உறுமியது. உடனே கால் பயந்து பின்வாங்கியது. மறுபடி அழுந்தியது, மறுபடி பின்வாங்கியது. நான்காவது தடவை அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"நிறுத்துங்க" என்றாள் மனைவி. "இப்படி வாங்க."

அவள் பத்தொன்பது வயதில் அப்பாவை இதே காரில் வைத்து ஓட்டிக்கொண்டு, கன்று ஈன முடியாத பசுவுக்காக மழையில் மண்ரோட்டில் முப்பது மைல் போனவள். கல்யாணத்துக்குப் பிறகு ஓட்டியதில்லை. ஓட்டக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை. ஓட்டுகிறாயா என்று யாரும் கேட்கவுமில்லை. இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டாள், கண்ணாடியைத் திருப்பினாள், புடவையைச் செருகிக்கொண்டாள். மிதித்தாள்.

பரிசீலனையார் அந்தச் சத்தத்தைத் தன் எஞ்சினிலிருந்து கேட்டதே இல்லை. "ஐயோ, மெதுவா!" என்றார். "பிறந்த குழந்தைம்மா அது!" என்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். பின் இருக்கையிலிருந்து தங்கை, "இப்ப காலை எடு அக்கா. இப்ப மிதி. அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் இருபது கிலோமீட்டர் வரை புகையில் பின்னால் ஊரே தெரியவில்லை. அறுபதாவது கிலோமீட்டருக்கு மேல் மரங்கள் தெரிந்தன. தொண்ணூறில் பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து வழி கேட்டார். அவர் முகமே தெரிந்தது. "பாருங்க அத்தான், ஆள் தெரியறார்" என்றாள் தங்கை. பரிசீலனையார் கண்ணைத் திறந்து அந்த அந்நியரைப் பார்த்து உணர்ச்சிவசப்பட்டுக் கையசைத்தார்.

புகை முழுக்கப் போகவில்லை. காலையில் கிளப்பும்போது ஒரு மூச்சு நீலமாக விடும். அதற்கு வால்வு ஓரத்துச் சீல்கள் காரணம் என்று தங்கை சொன்னாள், அடுத்த மாதம் மாற்றினார்கள். எண்ணெய்ச் செலவு ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டராக இறங்கியது. பின்பக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரு துளி. அந்தக் காலத்து வடிவமைப்பே அப்படித்தானாம்.

யாரிடமும் சொல்லவேண்டாம் என்று சொன்னவர்தான், சங்கக் கூட்டத்தில் கட்டுரையைக் கையில் பிடித்துக்கொண்டு பல் டாக்டர் 'நம் பின்பக்க சீல் வெற்றி' என்று ஆரம்பித்தபோது எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. "சீல் இல்ல டாக்டர். நான் மூச்சுக்குழாயை அடைச்சு, அது மேல பெயிண்ட் அடிச்சிருந்தேன். என் தப்பு. கண்டுபிடிச்சது என் கொழுந்தியா" என்றார்.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். மூச்சு அடைபட்டதால்தானே சீல் பாதிக்கப்பட்டது, ஆகவே அடிப்படையில் பின்பக்க சீல்தான் காரணம் என்று விளக்கினார். சங்கத்தினர் கைதட்டினார்கள். கட்டுரை அந்த வருடத்தின் சிறந்த கட்டுரையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பரிசீலனையார் அடுத்த கூட்டத்துக்குப் போகவில்லை.

தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று நாள் ஆனது எழுத. 'தங்கள் புகார் உண்மை. எண்ணெய் ஒழுகியது. புகை வந்தது. இரண்டுக்கும் நானே காரணம். முற்றத்தைச் சலவைச் சோடா போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.' பரிசீலனையார் மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் ஜன்னலிலிருந்து பார்த்தார். கடிதம் திரும்பி வரவில்லை. ஒரு தேங்காய்நார் பிரஷ் வந்தது, நீளக் கைப்பிடியோடு.

கார் இப்போது பெரும்பாலும் வெளியில்தான் இருக்கிறது. அக்காவும் தங்கையும் போன மாதம் கடற்கரைப் பக்கம் நான்கு நாள் போனார்கள். பரிசீலனையாரையும் கூப்பிட்டார்கள், பின் இருக்கையில் இடம் இருக்கிறது என்றார்கள். அவர் முதுகுவலியைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார். இரண்டாம் நாள் மனைவி போன் பண்ணினாள்.

"ஆயில் பாத்தியா?" என்றார் எடுத்த எடுப்பில்.

"பாத்தேன். அப்படியே இருக்கு."

"சமதளத்துல நிறுத்திப் பாத்தியா? எஞ்சின் ஆறினப்புறம்?"

"என்னங்க, நான் கடலுக்கு முன்னாடி நிக்கறேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"சரி, சரி" என்றார் அவர். கொஞ்சம் தயங்கி, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். பரிசீலனையார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.